ஆறு ராத்தல் துவக்கு

என் வாழ்க்கையில் நான் ஒரு துவக்கையும் சுட்டதில்லை. ஆனால் ஒரு துவக்கின் எடையை ஐந்து வாரம் மலையில் சுமந்திருக்கிறேன். வலது தோளில் அதன் அடையாளம்கூடக் கொஞ்ச நாள் சிவந்து கிடந்தது. சட்டையைக் கழற்றும்போதெல்லாம் அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வேன், பெருமையாகத்தான்.

அப்போது நான் எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்ன கிளாக்கர். மாத்தளையில் படித்தவன், ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவன், வேலைக்குக் களிசான் போட்டுப் போகிறவன். கந்தோரில் எழுத்து வேலை எனக்குப் பத்து மணிக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மூளை சும்மா இருக்காது. ஒரு மாதம் சதுரங்கம், ஒரு மாதம் ஹிந்தி, ஒரு மாதம் தேனீ. தேனீ விஷயத்தைப் பற்றிப் பேச எனக்கு இன்றும் விருப்பமில்லை.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. கூப்பனுக்கு அரிசி சுருங்கி, கோதுமை மா சுருங்கி, ஒரு துண்டு பாணுக்கு விடியுமுன்னே வரிசை நின்ற காலம். வெளிநாட்டிலிருந்து வெங்காயம்கூட இறங்கக்கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. லயத்தில் குடியிருந்த தொழிலாளர் சனங்கள் தேயிலை நடமுடியாத சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் மரவள்ளி நட்டார்கள். அந்தச் செய்தி காட்டுப் பன்றிகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆட்களில் ஒருவர் நான்கு நாய் வளர்த்தார். தோட்டம் முழுக்க அவரை நாய்க்காரர் என்றுதான் சொல்வார்கள். மனைவி கொழுந்து எடுப்பவர். நான்கு நாய்க்கு நான்கு பிள்ளைகள். மேல்மலை ஓடைக்கரையில் அவர்களுக்கு எட்டு வரிசை மரவள்ளி இருந்தது. இரண்டு மாதத்தில் கிழங்கு முற்றிவிடும். அதுவரைக்கும் இருக்கிறதை வைத்து ஓட்டி, அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு இராச் சாப்பாடு அந்த எட்டு வரிசைதான் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு காலை போய்ப் பார்த்தால் இரண்டு வரிசை இல்லை. மண் உழுத மாதிரிக் கிடந்தது.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நாய்க்காரர் தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு, தோட்டத்தை நடத்துகிற துரையிடம் சொன்னார். துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும்.

"நாலு நாய் வெச்சிருக்க. அது என்னா செய்யுது?"

"கொலைக்குதுங்க தொரை. பன்னி அதக் கேட்டுக்கிட்டே சாப்புடுது."

தோட்டத்துக்கென்று இருந்த பழைய துவக்கு, படித்த இளைஞர்கள் அரசாங்கத்துக்கு எதிராகத் துவக்கெடுத்த எழுபத்தோராம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது பொலிசுக்குப் போனது. திரும்பி வரவில்லை. துரை ஜீப்பில் ஏறும்போது என்னைப் பார்த்து, "கிளாக்கர், நல்ல துவக்கு ஒண்ணு பாத்து, கச்சேரிக்கு அப்ளிகேஷன் எழுதிக் கொண்டா. சைன் வெக்கிறேன்" என்றார். கச்சேரி என்பது துவக்குக்கு அனுமதி கொடுக்கும் மாவட்ட அரசாங்கக் கந்தோர்.

அவர் நினைத்தது, எல்லாத் தோட்டத்திலும் இருக்கிற சாதாரண ஒற்றைக்குழல் துவக்கு. ஒரு வரியில் எழுதி முடிக்கிற விஷயம். ஆனால் 'நல்ல துவக்கு' என்றவுடன் எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. ஏனென்றால் என்னிடம் ஒரு சஞ்சிகை இருந்தது.

முந்தைய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன வேட்டைச் சஞ்சிகை அது. பங்களா களஞ்சியத்தில் கிடந்து, பாதியைப் பூச்சி தின்று, மிச்சப் பாதி என் கைக்கு வந்தது. அதில் மலை வேட்டைக்கு எப்படிப்பட்ட ரைபிள் தேவை என்று பதினொரு பக்கம். குழல் குட்டையாக இருக்க வேண்டும்; இருபது அங்குலம் போதும், நீளக் குழல் பற்றையில் மாட்டும். எடை குறைய வேண்டும்; மேலே ஏற ஏற ஒவ்வொரு அவுன்சும் ஒரு ராத்தல் ஆகும். சுடுகிற ரவை மட்டும் சக்தி கூடிய மக்னமாக இருக்க வேண்டும். முன்னூறு யார், அதாவது தொள்ளாயிரம் அடிக்கு அப்பால் நிற்கிற மிருகமும் அங்கேயே விழும். விலை போட்டிருந்த பக்கத்தைப் பூச்சி தின்றிருந்தது. அது எனக்கு வசதியாகப் போயிற்று. வெங்காயம் இறங்காத துறைமுகத்தில் மக்னம் எப்படி இறங்கும் என்ற கேள்வி அந்தப் பதினொரு பக்கத்தில் இல்லாததால் எனக்கும் வரவில்லை.

சஞ்சிகை இன்னொன்றும் சொன்னது. எந்த எடை தனக்குத் தாங்கும் என்று வேட்டைக்காரன் தானே சுமந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். சரி என்று தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் பின்னால் கிடந்த ஓர் இரும்புக் குழாயை எடுத்தேன். சரியாக ஒரு ரைபிளின் நீளம். ஒரு முனையைக் கொய்யாக் கட்டையால் அடைத்து, உள்ளே மணலும் பழைய சுரையாணிகளும் போட்டு, மறு முனையையும் அடைத்து, சாக்குக் கயிற்றால் தோள்வார் கட்டினேன்.

எடை பார்க்க வேண்டுமே. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கொண்டுபோனேன். பகல் நிறுவை நேரம். பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். நாய்க்காரரின் மனைவிக்குப் பின்னால் நானும் குழாயோடு நின்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "என்னாங்க சின்னையா, கொழுந்தக் காணோம்? வெறும் தண்டா எடுத்துட்டு வந்திருக்கீங்க?"

பின்னாலிருந்து இன்னொருத்தி, "அதுவும் முத்தின தண்டு. தொரை பாத்தாருன்னா திருப்பி அனுப்பிருவாரு."

"இது துவக்குங்க அக்கா. துவக்கோட எடை" என்று விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. வரிசை முழுக்க அந்தச் சொல் கைமாறிப் போய்ச் சிரிப்பாகத் திரும்பி வந்தது.

கணக்கப்பிள்ளை தராசுக் கொக்கியில் குழாயைத் தொங்கவிட்டு, முள்ளைப் பார்த்து, முகத்தில் அசைவில்லாமல், "ஒம்பது" என்றார். அடுத்த கூடையைப் பிடித்தார்.

அன்று ஒன்பது ராத்தலோடு மேல்மலை ஏறினேன். நாய்க்காரர் வேலை முடித்துக் கூட வந்தார், நாய்கள் முன்னால். கால்வாசி தூரத்தில் எனக்கு மூச்சு முட்டியது. அடுத்த வாரம் ஆணிகளைக் கொட்டிவிட்டு நிறுத்தேன். "ஏழு" என்றார் கணக்கப்பிள்ளை. பாதி தூரம் போனேன். அதற்கடுத்த வாரம் மணலையும் குறைத்தேன். "ஆறு." அந்த ஆறோடு காட்டோரம் வரைக்கும் ஏறிவிட்டேன். ஆனால் ஏறி முடித்ததும் ஒரு கல்லில் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்து, ஆறு ராத்தலுக்கே நாக்குத் தள்ளுகிற ஒரு படித்த இளைஞனின் எதிர்காலத்தைப் பற்றி யோசித்தேன்.

நாய்க்காரர் குழாயைக் கையில் வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தார். விரலால் ஒரு தட்டு தட்டி, காதருகே பிடித்தார். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லீங்க. நல்ல கொழாய். நீங்க வாங்கப்போற துவக்கு எம்புட்டுத் தூரம் போகும்னீங்க?"

"முன்னூறு யார்."

"அது எம்புட்டுங்க?"

"இங்கேருந்து நம்ம ஸ்டோர் வரைக்கும்னு வைங்களேன்."

"ஸ்டோரு தெரியுதுங்களா?"

பார்த்தேன். பனி இறங்கியிருந்தது. ஸ்டோர் தெரியவில்லை. ஸ்டோருக்குப் போகும் பாதை தெரியவில்லை. நான்கு நாய்களில் இரண்டுதான் தெரிந்தன.

"என் கை தெரியுதுங்க" என்றார் அவர், கையை நீட்டிக் காட்டி. "கைக்கு அந்தாண்ட நிக்கிற பன்னியச் சுடுற மாதிரி ஒரு துவக்கு இருந்தா, அதப் பாருங்க."

இது எனக்கு நியாயமாகப் பட்டது. ஆனால் பதினொரு பக்கம் அச்சில் இருந்ததே. வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். அதில் புதிதாக ஒரு சிக்கல் கண்ணில் பட்டது: துவக்கின் எடை குறையக் குறைய, மக்னம் ரவை சுடுகிறவனின் தோளை அதிகமாக உதைக்கும். சுமக்க வசதியான துவக்கு சுட வசதியில்லை. சுட வசதியானதைச் சுமக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று ஒரு வாரம் யோசித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான வாரம் குறைவு.

அந்த வாரம் மடுவத்தில் நாய்க்காரரின் மனைவி கூடையை இறக்கிவிட்டுக் கேட்டார். "துவக்கு தெரிஞ்சிச்சாங்க சின்னையா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன் அக்கா. லேசா எடுத்தா ஒதைக்குமாம். சுடுறவன் நிக்க ஏலாதாம்."

"அப்ப பன்னிக்கு முன்னாடி நீங்க விழுவீங்க." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "சொல்லணும்னு இருந்தேன். ஆறு வரிசை இருந்திச்சில்ல. இப்ப நாலு."

அன்று மாலையே விண்ணப்பத்தை எழுதினேன். நாலு என்ற சொல் உறைத்ததால் வேகமாக எழுதினேன். ஆனால் சுருக்கமாக எழுத வரவில்லை. படிவத்தில் 'துவக்கின் வகை, தேவை' என்று இரண்டே வரி இடம் விட்டிருந்தார்கள். நான் மூன்று பக்கம் இணைத்தேன், என் மிகச் சிறந்த ஆங்கிலத்தில். குழல் குட்டை என்பதால் பற்றைகளுக்குள் மறைத்துக் கொண்டுசெல்லலாம். எடை குறைவு என்பதால் சுட்டவுடன் மலையில் விரைந்து இடம் மாறலாம். முன்னூறு யாரிலிருந்து ஒரே ரவையில் காரியம் முடியும். உபயோகிப்பவர் ஐந்து வாரமாகக் கடும் பயிற்சியில் இருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் குழலின் படம்கூட வரைந்திருந்தேன். பன்றி என்ற சொல் மூன்றாம் பக்கத்தின் கடைசியில் ஒரு தடவை வந்தது.

துரை கையெழுத்துப் போடுவது காலை பெரட்டில், ஜீப் மூடியின்மேல். காகிதத்தின் கீழ் மூலையை மட்டும் விரித்துக்கொடுக்க வேண்டும். அவர் படிப்பதில்லை, படிக்க நேரமில்லை. அன்று பதினேழு காகிதத்தில் என்னுடையதும் போனது.

எழுபத்தோராம் ஆண்டுக்குப் பிறகு, படித்த பையன்கள் துவக்குப் பற்றிப் பேசினால் பொலிஸ் உடனே விசாரிக்கும். கச்சேரியிலிருந்து என் மூன்று பக்கமும் விசாரணைக்காகப் பொலிசுக்குப் போய், அங்கே சிங்களத்துக்கு மாறி, ஒரு சார்ஜனின் கையில் கந்தோருக்கு வந்து சேர்ந்தது. அவர் தோளில் நீள ரைபிளோடு வந்தார். துரையின் முன்னால் உட்கார்ந்து காகிதங்களை விரித்தார். துரை அவற்றை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தார். முதல் பக்கத்தில் முகம் சிவந்தது. இரண்டாம் பக்கத்தில் வெளுத்தது.

சார்ஜன் என்னிடம் சிங்களத்தில் கேட்டார். "தம்பி, யாரைச் சுடப்போகிறாய்?"

"பன்றியை, மாத்தயா."

"பன்றியைச் சுட்டுவிட்டு எதற்கு விரைந்து இடம் மாற வேண்டும்?"

சஞ்சிகை அதற்குப் பதில் சொல்லியிருக்கவில்லை.

"இரும்புக் குழலோடு மலையில் ஏறி இறங்குகிறாய் என்று கீழே கடையில் சொல்கிறார்கள். அது எங்கே?"

குழாயைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதை மேசையில் வைத்து, எழுந்து நின்று, முனைக் கட்டையை எச்சரிக்கையோடு பிடுங்கி, உள்ளே பார்ப்பதற்காகச் சாய்த்தார். மணல் முழுக்க அவருடைய காக்கிச் சட்டைக்குள் இறங்கியது. துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியதை நான் பார்த்தேன்.

சார்ஜன் சட்டையை உதறிவிட்டு, "மண்ணைத் திரும்பப் போடு. சாட்சிப் பொருள்" என்றார். பொறுக்கிப் போட்டேன், ஒரு மணல் பொடிகூட விடாமல். "இப்போது பன்றியைக் காட்டு."

மேல்மலைக்குப் போனோம். அவர் தன் ரைபிளோடு, நான் என் குழாயோடு. வேலை விட்ட நேரம் என்பதால் நாய்க்காரரும் மனைவியும் மரவள்ளியில் நின்றார்கள். இப்போது வரிசை மூன்று. சார்ஜன் கிளறிய மண்ணைக் குனிந்து பார்த்தார். "பன்றிதான்" என்றார், சற்று ஏமாற்றமாக.

அதற்குள் நாய்கள் மானாப்புல்லுக்குள் புகுந்திருந்தன. குரைப்பு ஒரே இடத்தில் நின்றது. பிறகு எங்களை நோக்கி வந்தது. புல் பிளந்து, ஒரு கொம்பன் பன்றி, குட்டி ஜீப் அளவு, நேரே சரிவில் இறங்கியது.

நாய்க்காரர் ஒரு பக்கம் விலகி நின்றார், பஸ்ஸுக்கு வழி விடுகிறவர் மாதிரி. நான் கல்லின்மேல் ஏறினேன். சார்ஜன் ஓடினார். ஓடிய வழியில் இரண்டு கொய்யா மரம் நெருக்கமாக நின்றது. அவர் உடம்பு நடுவே நுழைந்தது. முதுகில் குறுக்கே கிடந்த ரைபிள் நுழையவில்லை. குழல் ஒரு மரத்திலும் கட்டை மறு மரத்திலும் முட்ட, அவர் படலையில் தாழ்ப்பாள் போட்ட மாதிரி அங்கேயே நின்றுவிட்டார். கால்கள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. பன்றி அவரை ஒரு பார்வை பார்த்து, இரண்டடி தள்ளி, ஓடையைத் தாண்டிப் போய்விட்டது.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க எந்த மனிதனுக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. கல்லின்மேல் நின்றபடி, மனமார்ந்த உற்சாகத்தோடு, "பார்த்தீர்களா மாத்தயா! நான் எழுதியது இதைத்தான்! இருபது அங்குலக் குழல் என்றால் மாட்டியிருக்காது!" என்று கத்தினேன்.

நாய்க்காரரின் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

சார்ஜனைப் பின்பக்கமாக இழுத்து எடுத்தோம். அவர் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்தது. என் குழாயை ஒரு கையிலும் தன் ரைபிளை மறு கையிலும் தூக்கிப் பார்த்தார். "இதுவா ஆறு ராத்தல்? என் ரைபிள் ஒன்பது. இது எட்டுக்குக் குறையாது."

"மடுவத்துத் தராசில் நிறுத்தது, மாத்தயா" என்றேன். அவர் சொன்னதை மற்ற இருவருக்கும் தமிழில் சொன்னேன்.

நாய்க்காரரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "கணக்கப்பிள்ளை கூடைக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ஒண்ணு கழிச்சிட்டுத்தானே சொல்லுவாரு சின்னையா. கொக்கியில எது தொங்கினாலும் அவரு வாய்க்கு அதான் வரும். ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். கழித்த அந்த எடையைத் தினமும் உட்கார்ந்து எழுதுகிறவனே நான்தான். இரண்டு வருடமாக எழுதியிருக்கிறேன். என் குழாய்க்கும் அது விழும் என்று மட்டும் தோன்றவில்லை. முதல் வாரம் நான் சுமந்தது ஒன்பதல்ல, பதினொன்று.

"அன்னைக்கே தெரிஞ்சிச்சா அக்கா?"

"வரிசையில நின்ன எல்லாத்துக்கும் தெரிஞ்சிச்சு."

"சொல்லியிருக்கலாமே?"

"நாங்க சொல்லித்தானே பாத்துருக்கோம்" என்றார் அவர், கூடையில் கைவைத்துக்கொண்டு. "அதான் சின்னையாவும் ஒரு தரம் சொமந்து பாக்கட்டும்னு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் நான் ஓடையைப் பார்க்க வேண்டியிருந்தது.

நாய்க்காரர் தொண்டையைச் செருமினார். "துவக்கு வராதுங்களே இனி?"

சார்ஜனிடம் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். இந்தக் காகிதத்துக்குப் பிறகு இந்தத் தோட்டத்துக்கு உண்டிவில்கூடக் கொடுக்க மாட்டார்கள் என்றார்.

"அப்ப, அந்தக் கொழாய நான் எடுத்துக்கலாமா?" என்றார் நாய்க்காரர்.

"எதுக்கண்ணே?"

ஓடைத் தண்ணீரை ஒரு மூங்கிலில் விழவைப்பாராம். மூங்கில் நிறைந்ததும் சாய்ந்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, திரும்பி வந்து தொங்குகிற இரும்பில் அடிக்கும். நாள் முழுக்க, இராத்திரி முழுக்க, ஆள் இல்லாமல். பன்றி அந்தச் சத்தத்துக்கு வராது. மூங்கிலை முதல் வரிசை போன அன்றைக்கே வெட்டி வைத்துவிட்டார். இரும்புக்குத்தான் தேடினார். அந்தப் பஞ்சக் காலத்தில் யாரிடம் சும்மா கிடக்கிறது ஒரு நல்ல இரும்புக் குழாய்?

"அண்ணே, அஞ்சு வாரமா எங்கூடத்தானே நடந்தீங்க! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"நீங்க அதத் துவக்குன்னு சொல்லிட்டீங்க" என்றார் அவர். "துவக்கப் போயி எப்புடிங்க கேக்கிறது?"

அங்கேயே மணலைக் கொட்டினேன். சார்ஜன் தடுக்கவில்லை. சாட்சிப் பொருள் ஓடையில் போயிற்று. குழாயை அந்த இரண்டு கொய்யா மரத்துக்கும் நடுவில், ரைபிள் மாட்டிய அதே இடத்தில், கட்டித் தொங்கவிட்டார்கள். இடத்தின் அகலம் அதற்கு அளவெடுத்த மாதிரி இருந்தது.

சார்ஜனின் அறிக்கையின் நகல் பிறகு கந்தோருக்கு வந்தது. தோட்டத்தில் பன்றி உண்டு. விண்ணப்பத்தை எழுதியவரால் எந்த உயிருக்கும் எந்த ஆபத்தும் இல்லை என்று எழுதியிருந்தார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன், ஆனால் கொஞ்ச நேரம் பிடித்தது. துரை அதற்குப் பிறகு நான் நீட்டுகிற எல்லாக் காகிதத்தையும் மேலிருந்து கீழ்வரை படித்தார். காலைப் பெரட்டு அதனால் அரை மணி நீண்டது. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

பன்றி பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. மூன்று வரிசை முற்றி நின்றது. பிடுங்கிய அன்று நானும் போனேன். கிழங்கைப் பிள்ளைகள் சாக்கில் அடுக்கினார்கள். எட்டில் ஐந்து போய்விட்டது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதில் இரண்டு எனக்கு முன்னாலேயே போனது, மூன்று என் சஞ்சிகைக்குப் போனது.

கிளம்பும்போது நாய்க்காரரின் மனைவி ஒரு பெரிய கிழங்கை எடுத்து மண் தட்டினார். கையில் தூக்கிப் பார்த்தார்.

"நாலு ராத்தல் இருக்கும். சின்னையாவுக்குத்தான்" என்றார். பிறகு அதை முழங்காலில் வைத்து இரண்டாக முறித்து, ஒரு பாதியைச் சாக்கில் போட்டுவிட்டு மறு பாதியை நீட்டினார். "கழிவு போக ரெண்டு."

பிள்ளைகள் சிரித்தார்கள். வாங்கிக்கொண்டேன். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. பாதை தெரியாத இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். தோட்டமும் தெரியவில்லை, அவர்களும் தெரியவில்லை. காவல் காக்க அங்கே இனி ஒன்றும் இல்லை. ஆனாலும் மூங்கில் நிறைந்து சாய்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, என் துவக்கு டங்கென்று அடித்தது.